எதிர்ப்பிடி

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், எங்கள் தெருவுக்குள் பெட்ரோல் வாசனையைக் கொண்டுவந்தது வீரமலையின் மிஷின் வாள்தான். அதுவரை அங்கே வாழைச்சாற்று வாடையும் சாணி வாடையும்தான். நான் அவன் பக்கத்து வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி காதால் கேட்டது. இட்டுக்கட்டியது எதுவும் இல்லை.

அந்த வாள் சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் மரம் அறுக்க வைத்திருந்தது. சண்டை முடிந்தபின் டிஸ்போசல் ஏலத்தில் விலைபோய், பல கை மாறி, பாலக்கரையில் மரக்கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக் பாயிடம் வந்து சேர்ந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புப் பட்டை, அதைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி, ஒரு முனையில் பன்றிக்குட்டி பருமனுக்கு எஞ்சின். ஒருத்தனால் தூக்க முடியாது. எஞ்சின் பக்கம் ஒருத்தன், பட்டையின் மறுமுனையில் இருக்கும் கைப்பிடியில் இன்னொருத்தன். அந்தக் கைப்பிடிக்கு எதிர்ப்பிடி என்று பெயர். எஞ்சின் பக்கம் வீரமலை நிற்பான். எதிர்ப்பிடி அவன் தம்பி மருதைக்கு.

வீரமலை நல்ல உழைப்பாளி. ஆனால் மூக்குக்கு மேல் கோபம். மருதை அவனைவிடப் பதினைந்து வயது இளையவன். ஆத்தாள் செத்தபோது மருதை கால்சட்டை போடத் தெரியாத வயசு. வீரமலையின் பெண்டாட்டி வெள்ளையம்மாள்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. இவன் இருந்ததால் அந்தக் குறையை அவள் பெரிதாக நினைத்து நான் பார்த்ததில்லை. "எம் மவனுக்குப் பொண்ணு பாக்கணும் டெய்லரண்ணே, ஒங்க பக்கத்துல இருந்தா சொல்லுங்க" என்பாள். மருதை காதைப் பொத்திக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடிவிடுவான்.

முதலில் அந்த வாள் பாய் கடையிலேயே கிடந்தது. தினமும் பாலக்கரைக்குப் போய் எடுத்துவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், மண்ணச்சநல்லூர் சாலையில் புளியமரங்களை அறுக்கும் வேலையைப் பாய் எடுத்தபோது, "எதுக்குப்பா இவ்ளோ அலைச்சல்? வீட்டுலயே வச்சுக்க வீரமலை. ஒன்ன நம்பாம யார நம்பப் போறேன்?" என்று சொல்லிவிட்டார். அது ஆனி மாசம்.

வாள் வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை வெள்ளையம்மாள் தலைமுழுகிவிட்டு, சந்தனக்கட்டையைக் கல்லில் இழைத்துக்கொண்டு வந்தாள். சோறு போடுகிற சாமான் ஆயிற்றே, சும்மா விடலாமா? என் தையல் மிஷினுக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. அவள் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் கரி, எண்ணெய். மேலே மட்டும் பெட்ரோல் ஊற்றுகிற வாயில் பித்தளையில் ஒரு மூடி இருந்தது. அதுதான் அவளுக்கு நெற்றியாகப் பட்டது. முந்தானையால் துடைத்து, பளபளவென்று ஆக்கி, நடுவில் கட்டியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். சாம்பிராணி காட்டினாள்.

"இப்பத்தான்டா பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள்.

"இந்தப் பொண்ணையே எனக்குக் கட்டி வச்சிடுங்க அண்ணி. சமைக்கத் தெரியாது, சத்தம் மட்டும் போடும்" என்றான் மருதை.

அந்த மாசத்திலேயே கோளாறு ஆரம்பித்துவிட்டது.

கோளாறு என்றால் ஒரேயடியாகக் கெட்டுப்போகிற கோளாறு இல்லை. அப்படியிருந்தால் பழுது பார்த்துவிடலாம். இது ஓடும், நிற்கும். வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தால் கணீரென்று கிளம்பும். மரத்தில் வைத்துப் பாதி அறுத்ததும் இருமும், திணறும், நின்றுபோகும். மறுபடி கயிற்றை எத்தனை இழுத்தாலும் அசையாது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ததும்ப இருக்கும். மூடியைப் போட்டு இழுத்தால் ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். புதன், வியாழனில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். வெள்ளி, சனியில் உயிரை எடுக்கும்.

வீரமலை பிளக்கை மாற்றினான். பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினான். வயரையெல்லாம் பிரித்துக் கட்டினான். பாய் கடைக்கு வந்துபோகும் லாரி மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினான். அந்த ஆள் வந்தது ஒரு புதன்கிழமை. மிஷின் நாய்க்குட்டி மாதிரி சொன்னபடி கேட்டது. "ஒண்ணுமில்லப்பா. நல்ல மிஷின். பெட்ரோல்லதான் ஏதோ கலப்படம்" என்று சொல்லிவிட்டு, வெள்ளையம்மாள் கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

வாரத்துக்கு வேண்டிய பெட்ரோலை வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் போய் வாங்கிவருவது மருதைதான். அதில் எண்ணெய் கலந்து வைப்பதும் அவன்தான். வியாழக்கிழமை பெட்ரோல் வருகிறது, வெள்ளிக்கிழமை மிஷின் நிற்கிறது. பாய் கடையில் இருந்தவரை நின்றதில்லை, வீட்டுக்கு வந்தபின் நிற்கிறது. வீரமலை இதையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டான். பாயும் ஒருநாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இங்க இருந்தப்ப ராஜா மாதிரி ஓடுச்சே வீரமலை, ஒங்க வீட்ல அதுக்கு என்னப்பா குடுக்கிறீங்க?" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இவன் சிரிக்கவில்லை.

வெள்ளையம்மாள் பயந்துபோனாள். யார் கண் பட்டதோ என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். ஆடி பிறந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் வைத்துவந்த பொட்டைச் செவ்வாய்க்கிழமையும் வைத்தாள். சந்தனத்தை முன்னைவிடக் கெட்டியாக இழைத்தாள். மிஷின் இப்போது செவ்வாய், புதனிலும் நிற்க ஆரம்பித்தது.

ஆடிக் கடைசி வெள்ளி. தைத்த துணிகளைக் கொடுக்க மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். கொள்ளிடத்துக்கு அப்பால் சாலையில் கூட்டம். பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் நெல்வண்டிகள். நடுவே ஒரு கிழட்டுப் புளியமரம். வீரமலையும் மருதையும் அதில் முக்கால்வாசி அறுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மிஷின் நின்றுவிட்டது. ஆடிக்காற்று மரத்தைப் பின்னால் தள்ளி உட்காரவைத்துவிட, பட்டை அறுப்புக்குள் வசமாக மாட்டிக்கொண்டது. மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. அடியில் நிற்கவும் பயம், விட்டுவிட்டு வரவும் முடியாது.

"என்னப்பா, பட்டாளத்து வாளு பென்ஷன் வாங்கிடுச்சா?" என்று பஸ்ஸிலிருந்து ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணே, மூடியத் தொறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பம். பாத்தாலே ஓடுதுல்ல எப்பவும்" என்றான் மருதை.

"உள்ள இருக்கறது பெட்ரோலா இருந்தாத்தானடா ஓடும்" என்றான் வீரமலை. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் கோடாலி கொண்டுவந்து, கயிறு கட்டி, இழுத்துத் தள்ளியபோது மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்தது. நல்லவேளை யார் மேலும் விழவில்லை. ஆனால் ஒரு கிளை வீரமலையின் தோளை உரசிச் சட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் ஆள் காலி. வாளை வெளியே எடுத்தபின் மருதை சங்கிலியைக் கழுவ உட்கார்ந்தான். நான் துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, இருட்டுவதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரோடும் சேர்ந்தே மேலூருக்கு நடந்தேன்.

வீட்டில் வெள்ளையம்மாள் ஆடிக்கூழ் காய்ச்சி, மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்து, முருங்கைக்கீரை வதக்கி வைத்திருந்தாள். மருதை கை கழுவ வந்தான். வீரமலை அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தான்.

"மண்ணெண்ண நாத்தம் எப்படிடா வந்துச்சு?"

"சங்கிலி கழுவுனேன்ல அண்ணே. மண்ணெண்ணெயிலதான கழுவுவோம்?"

"சங்கிலி கழுவுனியா, பெட்ரோல்ல கலந்தியா?"

மருதைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. "என்ன அண்ணே பேசறீங்க?"

"நான் பேசல, மிஷின் பேசுது. நீ பெட்ரோல் வாங்கிட்டு வர மறுநாள்தான் அது நிக்குது. பாதியக் கொண்டுபோய் எவனுக்குடா ஊத்துற? இன்னிக்கு எந்தலைல மரம் விழுந்திருந்தா என்ன பண்ணிருப்ப? சொல்றா!"

நான் குறுக்கே போனேன். "வீரமலை, அவன் அப்படிப்பட்ட புள்ள இல்லப்பா. நிதானமாப் பேசு."

"நீங்க சும்மா இருங்க டெய்லரு. இது எங்க வீட்டு விவகாரம்."

மருதை விறுவிறுவென்று மாடத்துக்குப் போய்ச் சூடக்கட்டியை எடுத்துவந்தான். நடுவீட்டில் வைத்துக் கொளுத்தினான். "நான் ஒரு சொட்டுக் கலந்திருந்தாலும் எங் கை வெளங்காமப் போகட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அறைந்து அணைத்தான். சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியபின் எங்கள் பக்கத்தில் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். வீரமலை பேசினான்.

"சூடம் அணைக்கிறவனெல்லாம் யோக்கியனாடா?"

மருதை அவனைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தான். "நீங்க சொல்லுங்க அண்ணி."

வெள்ளையம்மாள் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண் புருஷனின் கிழிந்த சட்டைமேல் இருந்தது. தோளில் ரத்தம் கட்டியிருந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, சண்டையை நிறுத்தினால் போதும் என்று நினைத்தாளோ. "தெரியாமப் பண்ணிருந்தா ஒத்துக்க சாமி. அண்ணன் மன்னிச்சிடும்" என்றாள்.

மருதை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கொடியில் கிடந்த அவன் வேட்டியையும் துண்டையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினான். அவள் பின்னாலேயே தெருமுனைவரை ஓடினாள். "சாப்ட்டுட்டுப் போடா, கூழ் ஆறுதுடா" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

அதற்கப்புறம் அவள் வாள் இருந்த மூலைக்கே போகவில்லை. "இந்தச் சனியனுக்குப் பொட்டு ஒரு கேடா? எம்புள்ளைய வீட்ட விட்டு வெரட்டுன எழவு" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு மட்டும் விளக்கேற்றினாள். எதிர்ப்பிடிக்கு ராமர் என்று ஓர் ஆளை வீரமலை சேர்த்துக்கொண்டான். மிஷின் ஓடியது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று பார்க்காமல் ஓடியது. ஆவணி முழுக்க ஒரு தடவை நிற்கவில்லை.

"பாத்தியாடி?" என்பான் வீரமலை. "திருட்டுக் கை போனதும் மிஷின் எப்படி ஓடுது பாத்தியா?"

கொஞ்சம் கொஞ்சமாக அவளும் நம்ப ஆரம்பித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தனியாக, "ஏன்டா அப்படிப் பண்ணுன? எங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனாடா?" என்று அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தது கேட்டது. எனக்குத் தையலில் கை ஓடவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒருநாள் கோபத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவளே இறங்கிவந்தாள். என் மிஷினையும் கத்திரிக்கோலையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். வாளைத் தேய்த்துத் துடைத்து, எஞ்சினுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தாள். பித்தளை மூடியில் காலணா அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பொரிகடலையும் வெல்லமும் படைத்துவிட்டு நெடுநேரம் கும்பிட்டாள். "எங்க இருந்தாலும் அவன் நல்லாருக்கணும். திரும்பி வந்துடணும்" என்று வாய்விட்டே சொன்னாள். மறுபடியும் செவ்வாய், வெள்ளி பொட்டு தொடங்கியது.

மிஷினும் நிற்கத் தொடங்கியது.

முதல் நாள் வீரமலை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளும் நின்றது. அவன் சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வெள்ளையம்மாள் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். ராமர் சொல்லி அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"ஏங்க, அவன் போயி ரெண்டு மாசமாச்சு" என்றாள். "இப்ப யாருங்க மண்ணெண்ண ஊத்துனா?"

வீரமலை சோற்றில் கைவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "டெய்லரு, ஒரு கை பிடிக்கணும்" என்றான். எதிர்ப்பிடியை நான் பிடித்துக்கொள்ள, வாளைத் தூக்கி ஒற்றைமாட்டு வண்டியில் ஏற்றினோம். காவிரிப் பாலம் தாண்டிப் பொன்மலைக்குப் போனோம். அங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த பாக்கியநாதன் எனக்குப் பழக்கம். அவர் பிள்ளைகள் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கும்போது போடச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் வாளை வைத்து ஓட்டினார். வீரமலையை ஒன்றும் கழற்ற விடவில்லை.

"நிக்கிற வரைக்கும் ஓடட்டும். நின்னாத்தான் ஏன் நிக்குதுன்னு தெரியும்" என்றார்.

அவர் சம்சாரம் இருதயமேரி கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கவில்லை, அது இருமியது. திணறி நின்றது. பாக்கியநாதன் கையைக் காட்டி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். எஞ்சின்மேல் காதை வைத்துக்கொண்டு, பித்தளை மூடியை மெதுவாகத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது.

"காத்து உள்ள போவுது பாருங்க" என்றார். மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே காய்ந்து கெட்டியாக இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை.

"இதான் அது மூச்சு விடுற ஓட்டை. பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து போவணும். அடச்சுட்டா பெட்ரோல் எறங்காது. மூடியத் தொறந்தா காத்து போயிடும், மறுபடி ஓடும். பொட்டு யாரு வச்சா?"

வீரமலை அந்த மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"இத நான் குத்தமாச் சொல்லலீங்க. எங்க பட்டறையிலயும் பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு உண்டு. நானும் நின்னு பொரி வாங்கித் தின்பேன். ஒடம்புல எங்க வேணா வைக்கலாம், இங்க மட்டும் வேணாம்னு வீட்ல சொல்லிடுங்க. பெட்ரோல் ஊத்துறப்ப கை பட்டு நாலஞ்சு நாள்ல தானா உதுந்துடும். அப்ப ஓடியிருக்குமே?"

"ஓடுச்சுங்க" என்றான் வீரமலை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆவணி பூராவும் ஓடுச்சுங்க."

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னான். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுவதை வண்டிக்காரன் வேடிக்கை பார்த்தான்.

"டெய்லரு, அவகிட்ட இதச் சொல்லக் கூடாது. தெரிஞ்சா செத்துப்போவா. சத்தியமா சொல்லக் கூடாது."

"சொல்லல."

வீட்டில் அவளிடம் குழாயில் தூசி அடைத்திருந்தது என்றான். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப எம்புள்ள மேல தப்பு இல்ல?"

"இல்ல."

"போயிக் கூட்டிட்டு வாங்க."

மருதை துறையூருக்கு அப்பால் பச்சைமலை அடிவாரத்தில் ஓர் அறுப்புக் குழியில் வேலை செய்வதைப் பாயின் லாரி டிரைவர் பார்த்திருந்தான். வெள்ளையம்மாள் விடிவதற்குள் எழுந்து புளிச்சோறு கிளறி, வாழையிலையில் வைத்து, துணியில் கட்டிக் கொடுத்தாள். "அண்ணி தப்பாப் பேசிட்டேன்னு சொல்லுங்க. கால்ல விழறதுன்னாலும் விழறேன்னு சொல்லுங்க." வீரமலை என்னையும் துணைக்கு அழைத்தான். தனியாகப் போய் நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை.

குழி என்றால் ஆள் உயரப் பள்ளம். மேலே மரத்தைக் குறுக்கே போட்டு, மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன் என்று கைவாளை இழுப்பார்கள். கீழே நிற்பவன் தலையெல்லாம் மரத்தூள் கொட்டும். மருதை கீழே நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் வாளை விட்டுவிட்டு ஏறிவந்தான். இளைத்துப்போயிருந்தான். கண் சிவந்திருந்தது. இமையில் தூள்.

"வாங்கண்ணே. வாங்க டெய்லரண்ணே."

வீரமலை மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோளாறு தெரிஞ்சுபோச்சுடா. ஓம் மேல தப்பில்ல."

"என்ன கோளாறு?" என்று உடனே கேட்டான். தொழில்காரன் அல்லவா. வீரமலை சொன்னான். மூடி, ஓட்டை, சந்தனம், எல்லாம் சொன்னான். மருதை வாய்விட்டுச் சிரித்தான். பாதிச் சிரிப்பில் நிறுத்தினான்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடாதீங்க."

சோற்று மூட்டையைப் பிரித்து, எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு பருக்கை விடவில்லை. இலையை மடித்துப் போட்டுவிட்டு, துணியை வாய்க்காலில் அலசிப் பிழிந்து கொண்டுவந்தான்.

"கெளம்புடா" என்றான் வீரமலை. "அண்ணி காத்திட்டிருக்கா."

"நான் வரலண்ணே."

"நான் அறிவில்லாமப் பேசிட்டேன்டா. மன்னிச்சுக்கடா."

"கோவம் இல்லண்ணே. நெசமாவே இல்ல." மருதை துணியை அவன் கையில் கொடுத்தான். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். மிஷின் மறுபடி நின்னுச்சு, நீங்க வந்தீங்க. நிக்காம ஓடியிருந்தா?"

வீரமலை ஈரத் துணியை இன்னொரு தடவை பிழிந்தான்.

"ஆயுசுக்கும் நான் திருடன்தானே? கைய வச்சுச் சூடம் அணச்சேன், நீங்க நம்பல. அண்ணியும் நம்பல. மிஷின் சொன்னப்பறம் நம்புறீங்க. நாளைக்கு வேற எதாச்சும் நின்னா நான் எத அணைக்கிறது?"

உள்ளங்கையைக் காட்டினான். நடுவில் சூடம் சுட்ட தழும்பு, அதைச் சுற்றிக் கைவாள் இழுத்த காய்ப்பு. மேலேயிருந்தவன் கூப்பிட்டான். மருதை குழிக்குள் இறங்கினான். நாங்கள் சாலைக்கு வரும்வரை வாள் இழுக்கும் சத்தம் பின்னாலேயே வந்தது.

வெள்ளையம்மாள் பிழிந்த துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சாப்ட்டானா?" என்றாள். "சாப்ட்டான்" என்றேன். "நான் பேசுன பேச்சுதான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்கப்புறமும் வெள்ளிக்கிழமை தவறாமல் மூடிக்குப் பொட்டு வைத்தாள். அவன் வரவேண்டும் என்ற ஒரே வேண்டுதல். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஆகவே வீரமலை ஒரு வேலை செய்தான். அவள் பொட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனதும், கருவேலமுள் ஒன்றை எடுத்து ஓட்டையைக் குத்தி விட்டுவிட்டு வாளைத் தூக்குவான். முள்ளை வேலியில் செருகி வைத்திருப்பான். அந்தக் கோபக்காரனிடம் அப்படி ஒரு பதவிசு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் ரவிக்கைத் துணி கொண்டுவந்த வெள்ளையம்மாள், அளவு கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"டெய்லரண்ணே, அவரு முள்ள வச்சு மூடியக் குத்துறாரே, எதுக்கு?"

"தூசி அடைக்கும்மா."

"வெள்ளிக்கெழம மட்டும் அடைக்குமா?"

நான் குனிந்து மிஷினை மிதித்தேன். துணியே வைக்கவில்லை, ஊசி சும்மா ஏறி இறங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியும். அன்றைக்கு வரவில்லை.

"நான் பொட்டு வைக்காத மாசம் நல்லா ஓடுச்சு" என்றாள் மெதுவாக. "சாமியக் கும்புட்டுக் கும்புட்டு எம்புள்ளைய நானேதான் வெளிய தள்ளுனனா அண்ணே?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலை. துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம் புயல்மழை. எங்கள் தெருக்கோடியில் நின்ற பெரிய பூவரசு வேரோடு சாய்ந்து வழியை அடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் தூறல் விட்டதும் வீரமலையும் ராமரும் அதை அறுக்கக் கிளம்பினார்கள். வீரமலை வேலியிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டு வாளிடம் வந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

மூடியில் பொட்டு இல்லை. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. பட்டையின் மறுமுனையில், மருதை பிடித்த எதிர்ப்பிடியில், ஈரச் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

வீரமலை வாசற்படியைப் பார்த்தான். வெள்ளையம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் அவன் கையிலிருந்து கீழே விழுந்தது. விவரம் தெரியாத ராமர் வந்து எதிர்ப்பிடியை இறுகப் பிடித்துத் தூக்கினான். உள்ளங்கையில் ஏதோ பிசுபிசுக்கவே கையைப் பார்த்தான், வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான்.

முதல் இழுப்பிலேயே மிஷின் கிளம்பியது. தெருக்கோடியில் பூவரசின் மேல் வைத்து அறுக்க ஆரம்பித்தார்கள். அடுப்பில் உலை கொதித்து வழிந்து அணைந்தது. அவள் உள்ளே போகவில்லை. அது நிற்காமல் ஓடவேண்டும் என்று அத்தனை வெள்ளிக்கிழமை கும்பிட்டவள், இப்போது மூடியில் பொட்டு இல்லாமலும் அது ஒரே ஒரு தடவை நின்றுவிடாதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் வரை ஓடியது. நிற்கவே இல்லை.